தடை எங்கே இருக்கிறது? காதல் நகைச்சுவைப் படங்களில் பருத்த நாயகிகள்

2019இல் வந்த ‘ஷ்ரில்’ தொடரின் தொடக்கத்தில் ஆனி என்ற இளம்பெண் காதலன் வீட்டிலிருந்து கிளம்புகிறாள். வீட்டுக்குள் அவனுடைய அறைத்தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டாமென்று அவன் அவளைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவைக்கிறான். வேலியேறிக் குதித்துத்தான் தெருவுக்கு வர முடியும். இதெல்லாம் வழக்கம்தானே என்பதுபோல அவளும் ஏறிக் குதிக்கிறாள். ஆனி குண்டான பெண். காரணம் அவ்வளவுதான். அவன் அதை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை.

இந்தக் காட்சியில் திருந்த வேண்டியது யார்? ஒளித்துவைக்கிறவனா, ஒளிந்துகொள்ளச் சம்மதிக்கிறவளா? பருத்த பெண்ணை நாயகியாக வைத்துக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த காதல் நகைச்சுவைகளை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டாவது ஆளைத்தான் கை காட்டுகின்றன. சிலவற்றில் அவள் உடம்பு திருந்த வேண்டும், பலவற்றில் அவள் மனசு. பக்கத்தில் நிற்கிறவனும் ஊரும் திருந்த வேண்டியிருக்கும் படங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அந்தச் சில படங்கள்தான் இந்த வகையில் நின்று பேசத் தகுந்தவை என்பது என் கட்சி.

காதல் நகைச்சுவைக்குத் தடை ஒன்று வேண்டும். அப்பா, அந்தஸ்து, சாதி, ஆள்மாறாட்டம், கைமாறிப்போன கடிதம் என்று எதுவாகவும் இருக்கலாம். தடை வெளியே இருக்கும்வரை படம் ஊரோடு மல்லுக்கட்டும். நாயகி பருமனாக இருந்துவிட்டால் மட்டும் தடை அவளுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. முன்பு அவளை இளைக்க வைத்துத் தடையை நீக்கினார்கள். இப்போது உடம்பில் கை வைப்பதில்லை. ‘முதலில் உன்னை நீ நேசி’ என்று சொல்லி மனசைச் சரிசெய்கிறார்கள். கேட்கக் குளுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் டயட் புத்தகம் சொன்னதும் இதையேதான்: பாடு உன்னுடையது, அதை முடித்துவிட்டு வா, காதல் பிறகு கிடைக்கும்.

இந்தப் பேச்சில் பிரிஜிட் ஜோன்ஸைத் தவிர்க்க முடியாது. ஹெலன் ஃபீல்டிங் 1995இல் லண்டன் நாளேடு ஒன்றில் பத்தியாகத் தொடங்கி 1996இல் நாவலாக்கிய பாத்திரம். நாட்குறிப்பின் ஒவ்வொரு நாளும் எடையோடுதான் விடியும். முதல் நாள் எடை 9 ஸ்டோன் 3 பவுண்டு, நம் கணக்கில் 58 கிலோ சொச்சம். இந்த எடையை வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு வருடம் முழுக்கப் புலம்புகிறாள். இரண்டு தலைமுறைப் பெண்கள் ‘இது என் கதை’ என்று அவளைக் கட்டிக்கொண்டார்கள். நாவலில் நுட்பமான ஒரு கட்டம் உண்டு. பல வருடம் பாடுபட்டு அவள் தன் லட்சிய எடையைத் தொட்டுவிடுகிறாள். அன்று விருந்துக்குப் போனால், உடம்புக்கு என்ன, களைத்துத் தெரிகிறாயே என்கிறார்கள் நண்பர்கள். முன்பு இருந்ததே நன்றாக இருந்தது என்றும் ஒருவர் சொல்லிவைக்கிறார். இத்தனை வருட உழைப்பும் யாருக்காக என்ற கேள்வியை ஃபீல்டிங் ஒரு சிரிப்போடு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். 2001இல் வந்த படம் இதை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, அவள் இருக்கிறபடியே அவளைப் பிடித்திருக்கிறது என்று மார்க் டார்சி வந்து சொல்கிறான். அழகான காட்சிதான். ஆனால் ஒல்லியென்றும் சொல்ல முடியாத, குண்டென்றும் சொல்ல முடியாத சராசரிப் பெண்ணை ‘குண்டு’ என்று உலகம் முழுக்க ஒப்புக்கொள்ள வைத்ததும் இந்தப் படம்தான். வேடத்துக்காக ரெனே ஸெல்வெகர் எடை கூட்டியதும், முடிந்த கையோடு குறைத்ததும் படத்தைவிடப் பெரிய செய்தியாயின.

அதே 2001இல் வந்த ‘ஷாலோ ஹால்’ வேறு வழியில் போனது. பெண்களின் தோற்றத்தை மட்டுமே பார்க்கும் ஒருவனை வசியப்படுத்திவிடுகிறார்கள். அதன்பிறகு அவன் கண்ணுக்கு அகத்தின் அழகு மட்டுமே தெரியும். ரோஸ்மேரி என்ற மிகப் பருமனான பெண் அவனுக்கு க்வினெத் பால்ட்ரோவாகத் தெரிகிறாள். நமக்கும் அப்படித்தான் காட்டுகிறார்கள். அவளுடைய நிஜ உடம்பு சிரிப்பு வேண்டிய இடங்களில் மட்டும் எட்டிப்பார்க்கிறது: உட்கார்ந்ததும் நாற்காலி முறியும், குளத்தில் குதித்ததும் தண்ணீர் எழும்பிச் சிறுவன் ஒருவன் மரத்தில் போய்த் தொங்குவான். உள்ளழகைப் பேச வந்த படத்துக்கு அந்த உள்ளழகை ஒல்லியான பொன்னிறக் கூந்தல்காரியாக மட்டுமே கற்பனை செய்ய முடிந்தது. உடம்பைப் பருமனாகக் காட்டும் ஃபேட் சூட் அணிந்து ஹோட்டல் முகப்பில் நடந்துபார்த்தபோது யாருமே தன் கண்ணைச் சந்திக்கவில்லை என்று பால்ட்ரோ பிற்பாடு சொன்னார். படத்தில் வராத உண்மை அவருடைய அந்தப் பேட்டியில் இருக்கிறது.

பதினேழு வருடம் கழித்து ‘ஐ ஃபீல் ப்ரெட்டி’ (2018) இந்த வசியத்தை அப்படியே திருப்பிப்போட்டது. உடற்பயிற்சி சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ரெனீக்கு, கண்ணாடியில் தான் பேரழகியாகத் தெரியத் தொடங்குகிறது. எதுவும் மாறவில்லை என்பது நமக்குத் தெரியும்; கேமரா அவளுடைய பிரமையை ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. அது நல்ல முடிவு. கடற்கரை மதுக்கூடத்தில் நீச்சலுடைப் போட்டி மேடையேறி ஏமி ஷூமர் ஆடும் ஆட்டத்தில் யாரிடமும் கெஞ்சாத ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகப் படத்தின் பாதிக் குற்றத்தை மன்னிக்கலாம். மீதிப் பாதியை முடியாது. பிரமை தெளிந்ததும் அவள் மேடையேறி, சிறுவயதில் எல்லாரிடமும் இருந்த தன்னம்பிக்கையைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறாள். அந்த மேடை அழகுசாதனக் கம்பெனி ஒன்றின் மலிவுவிலைப் பொருள் அறிமுக மேடை. பெண்ணின் தன்னம்பிக்கையைக் குலைத்து விற்றுக்கொண்டிருந்த வியாபாரம், இப்போது அதைத் திருப்பிக்கொடுத்து விற்கிறது. படம் இந்த முரணைக் கிண்டல் செய்யப்போகிறது என்று கடைசிவரை காத்திருந்தேன். செய்யவில்லை.

‘இஸ்ன்ட் இட் ரொமான்டிக்’ (2019) கொஞ்சம் கெட்டி. காதல் படங்களையே வெறுக்கும் நாடலி மண்டையில் அடிபட்டுக் காதல் படம் ஒன்றுக்குள்ளேயே கண்விழிக்கிறாள். தெருவெல்லாம் பூக்கடை, எதிர்ப்படும் ஆண்களெல்லாம் கட்டழகுக் காதலர்கள். வகையின் சூத்திரங்களை ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்துக்கொண்டே வந்த படம், முடிவில் ‘தன்னைத் தான் நேசிக்க வேண்டும்’ என்ற சூத்திரத்தை மட்டும் உடைக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டு படங்களிலும் தலையில் அடிபடுவது அவளுக்குத்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

தென்கொரியாவில் 2006இல் வெளியாகி 60 இலட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்ற ‘200 பவுண்ட்ஸ் பியூட்டி’ ஒளிவுமறைவில்லாமல் அறுவைசிகிச்சைக்கே போய்விடுகிறது. மேடைக்குப் பின்னால் நின்று அழகிக்காகப் பாடிக்கொடுக்கும் ஹன்னா உடம்பு முழுக்க வெட்டித் தைத்துக்கொண்டு திரும்பிவந்து தானே பாடகியாகிறாள். கடைசியில் ரசிகர்கள் முன் அழுது உண்மையைச் சொல்கிறாள். அவர்கள் மன்னிக்கிறார்கள். எதற்கு மன்னிப்பு? குண்டாக இருந்ததற்கா, இளைத்ததற்கா? படத்துக்கே தெளிவில்லை. அதற்கு முந்திய வருடம் அதே நாட்டின் தொலைக்காட்சியில் ஓடிய ‘மை லவ்லி சாம்-சூன்’ எவ்வளவோ தேவலை. முப்பதைத் தொடும், நன்றாகச் சாப்பிடும், வாய்த்துடுக்கான கேக் கலைஞர் நாயகி. இறுதி அத்தியாயத்தை ஐம்பது சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகள் பார்த்தன. சாம்-சூன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

*

இந்தச் சூத்திரங்கள் எதுவும் இறுகிப்போகாத 1985இலேயே ஒரு படம் கேள்வியைச் சுத்தமாகத் தாண்டிப் போய்விட்டது. பெர்ஸி அட்லோன் இயக்கிய ஜெர்மன் படம் ‘சுகர்பேபி’. மியூனிக்கில் சவ அடக்க நிறுவனத்தில் வேலைபார்க்கும், நாற்பதை நெருங்கும், தனியாக வாழும் பருத்த பெண். மரியானே ஸேகெப்ரெக்ட் நடித்தது. ஒருநாள் சுரங்க ரயிலில் போகும்போது ஓட்டுநரின் குரல் காதில் விழுகிறது. அந்தக் குரல் மேல் ஆசை வந்துவிடுகிறது அவளுக்கு. என்னைப் போன்றவளை அவன் பார்ப்பானா என்று கண்ணாடி முன் நின்று அழும் காட்சியை வேறெந்த இயக்குநரும் இங்கே வைத்திருப்பார். அட்லோனின் நாயகி லீவு போடுகிறாள். அவன் எந்தத் தடத்தில், எந்த ஷிஃப்ட்டில் ஓட்டுகிறான் என்று துப்பறிந்து பட்டியல் போடுகிறாள். அவள் போராடுவது தன் உடம்போடு கிடையாது, ரயில்வேயின் பணிநேர அட்டவணையோடு. தடை வெளியே இருக்கிறது; ஆகவே படம் நகைச்சுவையாக இருக்கிறது. ஒல்லியான அந்த ஓட்டுநர் கல்யாணமானவன், மனைவி ஊரில் இல்லை என்ற விவரங்கள் வந்த பிறகும் படம் அவளை நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை. இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கசியும் வெளிச்சத்தில் அவள் உடம்பை கேமரா பார்க்கும் பார்வையில் பரிதாபம் இல்லை, வீரவணக்கமும் இல்லை. பசி மட்டும் இருக்கிறது, அவளுடைய பசி.

நான்கே வருடத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி இதை ‘பேபிகேக்ஸ்’ (1989) என்று மறுஆக்கம் செய்தது. நியூயார்க், ரிக்கி லேக், இதமான முடிவு. எதை மாற்றினார்கள் என்பதிலேயே பாடம் இருக்கிறது: ஜெர்மன் நாயகி வேட்டைக்காரி, அமெரிக்க நாயகி நல்ல பெண். நல்லவளாக இருந்தால்தான் பருத்தவளுக்குக் காதல் என்ற விதி அங்கிருந்து இன்றுவரை தொடர்கிறது. ஒல்லி நாயகி பொறாமைப்படலாம், பொய் சொல்லலாம், இன்னொருத்தியின் கல்யாணத்தைக் கெடுக்கவும் கிளம்பலாம். குண்டு நாயகிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும்.

ரிக்கி லேக்குக்கு அந்த வாய்ப்பு வந்ததற்குக் காரணம் ஜான் வாட்டர்ஸின் ‘ஹேர்ஸ்ப்ரே’ (1988). 1962ஆம் ஆண்டின் பால்டிமோர். டிரேசி டர்ன்ப்ளாட் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியில் ஆடி ஊரின் நட்சத்திரமாகிறாள், கூடவே அழகான காதலனையும் தட்டிக்கொண்டு போகிறாள். தன் உடம்பைப் பற்றி அவளுக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வருவதில்லை. அவளுடைய சண்டை கறுப்பின இளைஞர்களை நிகழ்ச்சியிலிருந்து ஒதுக்கிவைக்கும் நிறவெறியோடு. ஒதுக்கப்பட்ட ஒரு உடம்புக்கு மற்ற ஒதுக்கல்கள் கண்ணில் படும் என்ற எளிய அரசியலை இவ்வளவு கொண்டாட்டமாகச் சொன்ன படம் வேறில்லை. கேத்லீன் ரோ 1995இல் எழுதிய ‘தி அன்ரூலி வுமன்’ நூல், பருத்த, உரக்கப் பேசுகிற, சிரிக்க வைக்கிற பெண்ணை நகைச்சுவையின் மிகப் பழைய கலகக்காரியாகப் பார்க்கிறது. அந்தக் கண்ணோட்டத்துக்கு டிரேசியைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. சூஸி ஆர்பாக்கின் ‘ஃபேட் இஸ் எ ஃபெமினிஸ்ட் இஷ்யூ’ (1978) அதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவைத்தது உண்மைதான். ஆனால் அதில் பருமன் இன்னமும் புரிந்துகொண்டு கடந்துபோக வேண்டிய ஒரு நிலை. ஹாலிவுட் ஆர்பாக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது, ரோவை அதிகம் கண்டுகொள்ளவில்லை.

2002இல் வந்த ‘ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்’ படத்தைக் காதல் நகைச்சுவை என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வரலாம். அதில் காதல் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வகைப் படங்கள் நெருங்கத் தயங்கிய இடத்தை அது தொட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் அக்கா நடத்தும் சிறு தையல்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள் ஆனா. அமெரிக்கா ஃபெரேராவின் முதல் படம். 18 டாலருக்குத் தைத்துக்கொடுக்கும் உடை கடையில் 600 டாலருக்குப் போகிறது. தைக்கிறவர்கள் ஒருவருக்கும் அது உடம்பில் ஏறாது. துணியில் தூசி படியக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார்கள். புழுக்கம் தாங்காமல் ஆனா மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இஸ்திரி போடுகிறாள். அம்மா பதறுகிறார். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகத் தாங்களும் கழற்றிவிட்டுப் பிரசவத் தழும்பையும் தொடைச் சதையையும் காட்டி, உன்னுடையதைவிட என்னுடையது மோசம் என்று பந்தயம் கட்டிச் சிரிக்கிறார்கள். அம்மா மட்டும் வெளியே போய்விடுகிறார். ‘தன்னை ஏற்றுக்கொள்ளுதல்’ என்று மற்றப் படங்கள் மேடைபோட்டுப் பேசியது இங்கே வேலைநேரத்தில், நாலு பெண்களுக்கு நடுவில், புழுக்கத்தின் சாக்கில் நடக்கிறது. ஆனா தன் காதலனோடு தனித்திருக்கும் காட்சியும் அப்படித்தான். விளக்கைப் போடச் சொல்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ பார்க்க வேண்டும் என்கிறாள். இருட்டு அவளுக்குச் சலுகையாகத் தெரியவில்லை.

‘டம்ப்ளின்’ (2018) படத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. டெக்ஸாஸ் சிற்றூரில், முன்னாள் அழகுராணியின் குண்டு மகள் வில்லோடீன். தனக்குப் பிடித்த பையன் முத்தமிடும்போது அவன் கை அவள் முதுகுப்பக்கம் இறங்கி இடுப்புச் சதையில் படுகிறது. உடனே சுருங்கி விலகிவிடுகிறாள். பையன் குழம்புகிறான். இரண்டு நொடிதான். வசனம் எதுவும் அந்த இரண்டு நொடியைத் தொட முடியாது. இந்தப் படம் அவள் மனசைத்தான் தடையாக வைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனசு எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. ‘டம்ப்ளின்’ என்பது அம்மா நாலு பேர் முன்னால் மகளைக் கூப்பிடும் செல்லப்பெயர்.

*

இந்தியாவில் குண்டுப் பெண்ணின் காதல் வெகுகாலம் ஒரு ஜோக்காக மட்டுமே இருந்தது. இந்தியில் அதன் முகம் டுன் டுன். இயற்பெயர் உமா தேவி. 1947இல் ‘தர்த்’ படத்தில் பாடித்தான் அவர் முதலில் புகழ்பெற்றார். தேசமே முணுமுணுத்த அந்தக் காதல் பாட்டுக்குத் திரையில் வாயசைத்தது வேறொருவர். 1950இல் ‘பாபுல்’ படத்தில் நடிக்க வந்த பிறகு அவர் நாற்பது வருடத்துக்குச் சிரிப்பு நடிகை. ஆளைப் பார்க்காமல் குரலைக் கேட்டால் காதல், குரலோடு ஆளும் வந்தால் காமெடி. தமிழில் 1980களில் பிந்து கோஷுக்கும் இதே நாற்காலிதான் போட்டார்கள். நடனம் தெரிந்தவர், திரையில் அவர் ஆடினால் ஆட்டத்துக்கு யாரும் கைதட்டவில்லை, ஆடுகிற உடம்பைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் காதலைச் சொன்னால் எதிரே நிற்கும் காமெடியன் ஓட வேண்டும். ‘நீதானே என் பொன்வசந்தம்’ (2012) காலத்தில் இது நாயகியின் தோழி என்ற பாத்திரமாக நாகரிகமடைந்தது. வித்யுலேகா ராமன் அதில் சந்தானத்துக்கு ஈடுகொடுத்துப் பேசினார். இருந்தாலும் தோழி தோழிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்த் திரை ஒல்லியை வணங்கிய திரையே கிடையாது. சாவித்திரியும் கே.ஆர். விஜயாவும் பூசினாற்போல இருந்ததை யாரும் குறையாகப் பார்த்ததில்லை. 1991இல் ‘சின்னத்தம்பி’ ஊரையே கட்டிப்போட்டபோது, பிரபு, குஷ்பு இருவருமே கனத்த உடம்புக்காரர்கள். கதையில் அந்தஸ்தும் அண்ணன்களும் தடையாக இருந்தார்கள், இடுப்பளவு இல்லை. குஷ்புவுக்குத் திருச்சியில் கோயில் கட்டினார்கள். இட்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதாவது பருமன் இங்கே பிரச்சினையாகப் பேசப்பட்டதே பின்னால்தான்: ஜிம்மும் விளம்பரப் படமும் வடக்கிலிருந்து வந்த ஒல்லி நாயகிகளும் சேர்ந்து, ‘சைஸ் ஜீரோ’ என்ற சொல் நாளிதழ் இணைப்புகளில் புழங்கத் தொடங்கிய பிறகு. ஆணுக்கு அந்த அளவுகோல் கடைசிவரை வரவில்லை. மலையாளத்தில் ஆஷிக் அபு ‘ட தடியா’ (2012) எடுத்தபோதும் குண்டன் நாயகனாவது புதுமையாகத் தெரிந்ததே தவிரப் புரட்சியாகத் தெரியவில்லை.

2015 நவம்பரில் ‘இஞ்சி இடுப்பழகி’ வந்தது. தெலுங்கில் ‘சைஸ் ஜீரோ’. இயக்கம் பிரகாஷ் கோவெலமுடி. உச்சத்தில் இருந்த அனுஷ்கா ஃபேட் சூட் வேண்டாமென்று நிஜமாகவே எடை கூட்டி நடித்தார்; பாத்திரத்தின் பெயரான ஸ்வீட்டி அவருடைய சொந்தப் பெயரும்தான். முதல் பாதியில் பெண் பார்க்கும் படலங்களும், ஊர்வசி நடித்த அம்மாவின் கல்யாணக் கவலையும் நம் வீட்டுக்குள் நடப்பவை. பெண் பார்க்க வந்த ஆர்யா பிறகு நண்பனாகிறார், அவருக்கோ மனசு வேறிடத்தில். தமிழுக்கு ஒரு நல்ல காதல் நகைச்சுவை கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வில்லன் வந்துவிட்டார். பிரகாஷ்ராஜ் நடத்தும் உடனடி எடைக்குறைப்பு மையம், அதில் சேர்ந்து உடல்நலம் கெடும் தோழி, அதற்கு எதிரான பிரசாரம் என்று படம் விழிப்புணர்வுக் கூட்டமாகிவிடுகிறது. மையங்களின் மோசடி நிஜம்தான், கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் கல்யாணக் கவலையில் புலம்பிய அம்மாவும், ‘கொஞ்சம் இளைச்சா நல்லாயிருக்கும்’ என்ற மாப்பிள்ளை வீட்டாரும் அந்தச் சந்தடியில் தப்பித்துவிடுகிறார்கள். தடையை ஒரு கட்டடத்துக்குள் அடைத்துப் பூட்டு போட்டாயிற்று. அடுத்த சில வருடங்கள் அனுஷ்காவைப் பற்றிய செய்தி எதுவானாலும் எடையில் வந்து முடிந்தது தனிச் சோகம்.

அதே வருடம் பிப்ரவரியில் இந்தியில் வந்த ‘தம் லகா கே ஹைஷா’ எல்லாத் தப்புகளையும் தவிர்த்தது. ஷரத் கட்டாரியா எழுதி இயக்கியது. 1995ஆம் ஆண்டின் ஹரித்வார். பத்தாவது தேறாத, அப்பாவின் கேசட் கடையில் உட்காரும் பிரேம், பி.எட். படித்த பருத்த சந்தியா. வேலைக்குப் போகும் மருமகள் என்பதற்காக அவன் வீட்டார் கட்டிவைக்கிறார்கள். அவனுக்கு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகவே கூச்சம். சந்தியாவுக்கோ தன் உடம்பின் மேல் கோபம் இல்லை. புருஷனை மயக்க அவளே நைட்டி வாங்குகிறாள், ஆங்கிலப் படம் போட்டுப் பார்க்கிறாள். நண்பனின் கல்யாணத்தில், குடித்துவிட்டு, அவளோடு படுப்பது நரகம் என்று அவன் நாலு பேர் முன்னால் சொல்லும்போது அவள் ஓடிப்போய் அழவில்லை; பளாரென்று அறைகிறாள். அவன் திருப்பி அறைகிறான். அடுத்து அவள் செய்கிற காரியம் பெட்டியைக் கட்டுவது.

வாய்ப்பேச்சு நின்றுபோன ஒரு கட்டத்தில் இருவரும் டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அவன் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் குத்துகிறான்; அவள் அதை நிறுத்திவிட்டு வேறொரு பாட்டால் பதிலடி கொடுக்கிறாள். கேசட் மாறிக்கொண்டே இருக்கிறது. காதலைச் சொல்வதற்கென்று எழுதப்பட்ட அத்தனை பாட்டும் அந்த அறையில் வசவாகிறது. இந்தியக் காதல் நகைச்சுவையின் மிகச் சிறந்த சில நிமிடங்கள் என்று இதைச் சொல்வேன்.

அமெரிக்கத் தத்துவவாதி ஸ்டான்லி கவல், 1934க்கும் 1949க்கும் இடையில் வந்த ஏழு ஹாலிவுட் நகைச்சுவைகளை எடுத்துக்கொண்டு ‘பர்சூட்ஸ் ஆஃப் ஹேப்பினஸ்’ (1981) எழுதினார். பிரியப்போகிற தம்பதி மறுபடி ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வதுதான் அவற்றின் கதை; மறுமண நகைச்சுவை என்றார். நிச்சயித்த கல்யாணமே விதியாக இருக்கும் ஊரில் காதல் நகைச்சுவைக்கு இதைவிடப் பொருத்தமான சட்டகம் இல்லை. தாலி முதலில், காதல் பிறகு. குடும்ப நீதிமன்றம் ஆறு மாதம் சேர்ந்திருந்து பாருங்கள் என்று அனுப்புகிறது. அந்த ஆறு மாதத்தில் மாறுவது பிரேம். தன் தாழ்வுணர்ச்சியைத்தான் மனைவியின் உடம்பின் மேல் ஏற்றிவைத்திருந்தோம் என்பது பத்தாவது தேறாதவனுக்கு மெல்ல உறைக்கிறது. கடைசியில் மனைவியை முதுகில் சுமந்து ஓடும் பந்தயம். குறியீடு உரக்கத்தான் பேசுகிறது. ஆனால் அந்தக் கனத்தை ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், அவளைப் பின்னால் உட்கார வைக்கவே கூசியவன். பயிற்சி தேவைப்பட்டது அவனுக்குத்தான்.

மலையாளத்தில் அஷ்ரஃப் ஹம்சாவின் ‘தமாஷா’ (2019) இன்னொரு படி இறங்குகிறது. வழுக்கைத் தலையைப் பற்றிக் காலமெல்லாம் கூசிய கல்லூரி ஆசிரியர் (வினய் ஃபோர்ட்) சின்னுவைச் சந்திக்கிறார். சின்னு சாந்தினி நடித்த அந்தப் பெண் பருத்தவள், கலகலப்பானவள். தன் தோற்றத்தைக் கேலி செய்தால் நொந்துபோகிற இவரே அவள் தோற்றத்தைப் பார்த்துத் தயங்குகிறார். இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஃபேஸ்புக்கில் ஏறியதும் கேலி குவிகிறது. அவள் ஒளிந்துகொள்ளாமல் பதில் சொல்கிறாள், அவருக்கும் சேர்த்து. ‘டபுள் எக்ஸ்எல்’ (2022) பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹுமா குரேஷி, சோனாக்ஷி சின்ஹா, லண்டன், தமிழ் பேசும் ஒளிப்பதிவாளராக நம்மூர் மகத் ராகவேந்திரா என்று சேர்மானம் நன்றாகத்தான் இருந்தது. பாத்திரங்கள் வாயைத் திறந்தால் சுவரொட்டி வாசகம் வந்தது.

*

பேசாமலே கடந்துபோவது இன்னொரு வழி. ‘ஜஸ்ட் ரைட்’ (2010) படத்தில் கூடைப்பந்து நட்சத்திரத்தின் முழங்காலைக் குணப்படுத்தும் பிசியோதெரபிஸ்ட்டாக க்வீன் லத்தீஃபா வருகிறார். அவருடைய எடை ஏறக்குறைய பேச்சிலேயே வருவதில்லை. ‘பிரிட்ஜர்டன்’ மூன்றாம் பருவம் (2024) நிக்கோலா காக்லனின் பெனலபியை அப்படித்தான் நடத்தியது. மூல நாவலில் காதல் கைகூடும் முன்பே அவள் இளைத்துவிடுகிறாள். தொடர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்திக் காதலன் அவளை ரசிப்பதைச் சாவகாசமாகக் காட்டியது. இந்த மௌனத்தை மறுப்பு என்று சிலர் குறைசொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒல்லி நாயகியின் ஒல்லியை எந்தப் படம் விவாதித்தது? ஆனால் தொடர் காட்டிய கண்ணியத்தை வெளியுலகம் காட்டவில்லை. நேர்காணல்களில் காக்லனிடம் அவர் ‘துணிச்சலை’ப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அழகாகத் தெரிவதற்குத் துணிச்சல் எதற்கு?

நடிகைகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் துறையின் நிஜ முகம் தெரியும். ‘தம் லகா கே ஹைஷா’வுக்காக எடை கூட்டிய பூமி பெட்னேகர் அதைக் குறைத்த விதம் பத்திரிகைகளுக்குப் பல மாதத் தீனி, அடுத்தடுத்த படங்களில் அவர் ஒல்லி. பருமன் அங்கே போட்டுக் கழற்றும் வேடம், அர்ப்பணிப்புக்கான சான்று. பிறவியிலேயே பருத்த நடிகைக்கு அந்தச் சான்று கிடைப்பதில்லை. 2007இல் ‘ஹேர்ஸ்ப்ரே’ திரும்ப எடுக்கப்பட்டபோது ஐஸ்க்ரீம் கடையில் வேலைபார்த்துக்கொண்டிருந்த நிக்கி ப்ளான்ஸ்கியைத் தேடிப்பிடித்தார்கள். படம் பெருவெற்றி. அதற்கு இணையான இன்னொரு வேடம் அவருக்கு வரவில்லை. எடையைக் குறைக்க விரும்பியபோது, குண்டுப் பெண்ணாகத்தானே கோடிகளில் சம்பாதிக்கிறாய் என்று தன்னோடு தொழில்செய்பவர்களே தடுத்ததாக ரெபெல் வில்சன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது எடை குறைக்கும் ஊசி மருந்துகளின் காலம். ஹாலிவுட்டின் அறியப்பட்ட பருத்த முகங்கள் பலவும் அவற்றைப் பயன்படுத்தியதைத் தாங்களே சொல்கின்றன. அது அவரவர் உடம்பு, அவரவர் முடிவு. அதில் நமக்கு வேலையில்லை. ஆனால் தயாரிப்பாளர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. 2018ஐ ஒட்டி இரண்டு மூன்று வருடம் வரிசைகட்டி வந்த படங்கள் இனி வருமா என்பது சந்தேகம்தான்.

ஸேகெப்ரெக்ட்டுக்கு மட்டும் அட்லோன் இன்னொரு படம் எடுத்தார், அதற்குப் பிறகும் எடுத்தார். ‘பாக்தாத் கஃபே’ (1987): புருஷனோடு சண்டைபோட்டு, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் பெட்டியோடு இறங்கி நடந்துவரும் பவேரியப் பெண். நெடுஞ்சாலை ஓர ஓட்டலில் தங்குகிறாள், மந்திர வித்தை பழகிக் காட்டுகிறாள், ஓட்டல்காரி பிரெண்டாவோடு முட்டி மோதிச் சிநேகமாகிறாள். ஹாலிவுட்டில் செட் வரைந்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர், ஜாக் பேலன்ஸ், அவளை உட்கார வைத்து ஒவ்வொரு படமாக வரைகிறார். படத்துக்குப் படம் அவள் மேல் துணி குறைகிறது, முகத்தில் வெட்கமும் குறைகிறது. கடைசியில் அவர் பூவும் கையுமாக வந்து நின்று, கல்யாணம் செய்துகொள்வோமா என்று கேட்கிறார். அவள் கண் கலங்கவில்லை, நன்றி சொல்லவுமில்லை. பிரெண்டாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள்.